மணி அடித்தது, யாருக்குக் கேட்டது?

1958 டிசம்பர் 1, திங்கட்கிழமை. சிகாகோவின் மேற்குப் பகுதியில் இருந்த ‘அவர் லேடி ஆஃப் தி ஏஞ்சல்ஸ்’ கத்தோலிக்கப் பள்ளியில் கடைசிப் பாடவேளை நடந்துகொண்டிருந்தது. 3 மணிக்குப் பள்ளி விட்டுவிடும். வடகிழக்குப் படிக்கட்டின் அடியில், கீழறையில், குப்பைக் காகிதம் போடும் டிரம் ஒன்றில் பற்றிய தீ யார் கண்ணிலும் படாமல் வளர்ந்தது. மரப்படிகளைப் பிடித்துக்கொண்டு மேல்தள வராந்தாவுக்கு ஏறியது. வகுப்பறைக் கதவைத் திறந்த ஆசிரியைகளுக்கு எதிரே கரும்புகைதான் தெரிந்தது.

அந்தப் பள்ளியில் தீ எச்சரிக்கை மணி இருந்தது. யாராவது போய் விசையைத் தட்டினால் அடிக்கும். அடித்தாலும் கட்டடத்துக்குள் மட்டும்தான் கேட்கும். தீயணைப்பு நிலையத்துக்கு அதிலிருந்து ஒரு வயர்கூடப் போகவில்லை. நகராட்சி வைத்திருந்த சிவப்பு அலாரப் பெட்டி இரண்டு தெரு தள்ளி இருந்தது. கடைசியில் பக்கத்துப் பாதிரியார் இல்லத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் சொன்னார். தகவல் எட்டியபோது மணி 2.42. வண்டிகளுக்குக் கிடைத்த முகவரியோ அந்த இல்லத்தினுடையது. அங்கே போய் நின்ற பிறகுதான் எரிவது மூலை திரும்பிய பக்கம் என்று தெரிந்தது. 92 குழந்தைகளும் 3 கன்னியாஸ்திரீகளும் இறந்தார்கள்.

இதில் மனத்தைப் பிசையும் விஷயம் ஒன்று உண்டு. சிகாகோ நகரத்தின் தீ அலாரத் தந்தி 1865 முதலே ஓடிக்கொண்டிருந்தது. பெட்டியின் கைப்பிடியை இழுத்தால் எங்கே தீ என்று நிமிடத்துக்குள் தெரிந்துவிடும் ஏற்பாடு, அந்தப் பள்ளி கட்டப்படுவதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது. பள்ளியிடம் மணி இருந்தது, நகரத்திடம் வயர் இருந்தது. இரண்டையும் சேர்க்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. விபத்துக்குப் பிறகுதான் பள்ளி வாசலிலிருந்து 100 அடிக்குள் நகர அலாரப் பெட்டி இருக்க வேண்டும், உள்ளே அடிக்கும் மணி அந்தப் பெட்டியோடு இணைந்திருக்க வேண்டும் என்று சிகாகோ விதி செய்தது.

தனியார் கட்டடத்து அலாரத்தை நகர வலையமைப்போடு இணைப்பதற்கான விதிகள் பார்வைக்கு வெறும் அலுவலகத் தாள்கள். அனுமதிப் படிவம், ஆண்டுக் கட்டணம், லைசன்ஸ் எண், சோதனை அறிக்கை என்று பக்கம் பக்கமாக நீளும். கட்டட உரிமையாளர்களுக்கு அவை தொல்லையாகத்தான் படுகின்றன. ஆனால் ஒவ்வொரு வரிக்கும் பின்னால், எங்கோ ஒரு மணி அடித்து அது போய்ச் சேர வேண்டிய காதுக்குச் சேராமல் நின்ற ஓர் இரவு இருக்கிறது.

மருத்துவர் போட்ட வயர்

இந்தக் கதை தொடங்கும் ஊர் பாஸ்டன். 19-ம் நூற்றாண்டின் நடுவில் அங்கே தீப்பிடித்தால் தேவாலய மணிகள் அடிக்கும். மணி கேட்டவர்கள் தெருவில் இறங்கி ஓடுவார்கள். எந்தப் பக்கம் ஓடுவது என்பது புகையைப் பார்த்தால்தான் தெரியும். வில்லியம் சானிங் என்ற மருத்துவர் 1845-ல் பத்திரிகையில் ஒரு யோசனை எழுதினார். உடம்பில் எங்கே சுட்டாலும் நரம்பு மூளைக்குச் சொல்வதுபோல, தந்திக் கம்பி நகரத்தின் எந்த மூலையிலிருந்தும் ஓர் அலுவலகத்துக்குச் செய்தி சொல்ல முடியாதா? மோசஸ் ஃபார்மர் என்ற பொறியாளர் அவரோடு சேர்ந்தார். நகரம் 10,000 டாலர் ஒதுக்கியது. 1852 ஏப்ரல் 28-ல் உலகின் முதல் தீ அலாரத் தந்தி இயங்கத் தொடங்கியது. மறுநாள் இரவே முதல் தீச் செய்தி வந்தது.

ஆரம்பகாலப் பெட்டிகளில் கையால் சுழற்றும் கைப்பிடி இருந்தது. நிதானமாகச் சுற்ற வேண்டும். தீயைப் பார்த்தவனுக்கு நிதானம் ஏது? படபடவென்று சுற்றினால் அலுவலகத்தில் தட்டப்படும் பெட்டி எண் குழம்பிவிடும். பிறகு ஸ்பிரிங் வைத்த கடிகார இயந்திரம் வந்தது. ஒரு தடவை இழுத்துவிட்டால் போதும், இயந்திரமே ஒரே சீராகத் தட்டிக்கொள்ளும்.

இந்தக் கண்டுபிடிப்பின் காப்புரிமைகளை வாங்கி நாடெங்கும் விற்றவர் ஜான் கேம்வெல். தெற்கு கரோலினாவில் கேம்டன் என்ற சிற்றூரின் அஞ்சலக அதிகாரி. சானிங்கின் சொற்பொழிவைக் கேட்டுவிட்டு இதில் இறங்கியவர். அமெரிக்க நகரங்களின் தெருமுனைகளில் இன்றும் மிச்சமிருக்கும் பழைய சிவப்புப் பெட்டிகளில் பலவற்றின் மேல் அவர் பெயர் வார்ப்பாகப் பதிந்திருக்கிறது.

இயந்திரம் தயாரானாலும் மனிதர்களின் பயம் குறுக்கே நின்றது. யாராவது விளையாட்டுக்கு இழுத்துவிடுவார்கள் என்று பெட்டிகளைப் பூட்டி, சாவியைப் போலீஸ்காரர்களிடமும் நம்பிக்கையான சிலரிடமும் கொடுத்து வைத்திருந்தார்கள். 1872 நவம்பர் 9 மாலை பாஸ்டனின் சம்மர் தெருவில் ஒரு கிடங்கு எரிவதைப் பலர் பார்த்தார்கள். 52-ம் எண் பெட்டியிலிருந்து செய்தி கிளம்பியபோது மணி 7.24. அதற்குள் தீ கட்டடத்தைத் தாண்டிவிட்டது. குதிரைகளுக்குக் காய்ச்சல் கண்டிருந்ததால் வண்டிகளை மனிதர்களே இழுத்து வந்தார்கள். 776 கட்டடங்கள் அழிந்தன. பொய் அலாரத்தைத் தடுப்பதற்காக உண்மை அலாரத்தின் வழியை அடைப்பது எவ்வளவு விலை பிடிக்கும் என்பதற்கு அந்தப் பூட்டு முதல் சாட்சி. அதற்கு முந்தைய ஆண்டு, 1871-ல், சிகாகோ பெருந்தீயின் இரவில், கோபுரத்திலிருந்து பார்த்த காவலாளி தீ எரியும் இடத்தைத் தவறாகக் கணித்தார். தப்பான பெட்டியின் எண்ணே ஒலித்தது. தவறு புரிந்து திருத்தச் சொன்னபோதும், இன்னோர் எண் அடித்தால் குழப்பம் கூடும் என்று தந்தி இயக்குநர் மறுத்துவிட்டார்.

சுவரில் ஒரு சிவப்புப் பெட்டி

தெருப்பெட்டியைத் தாண்டிய அடுத்த படிதான் ‘மாஸ்டர் பாக்ஸ்’. பாஸ்டனிலும் அதைச் சுற்றியுள்ள மாசசூசெட்ஸ் ஊர்களிலும் பள்ளி, மருத்துவமனை, ஹோட்டல், தொழிற்சாலைச் சுவர்களில் இதைப் பார்க்கலாம். வெளியே தெருப்பெட்டியின் அதே இரும்பு உடம்பு, அதே சிவப்பு. வழிப்போக்கரும் இழுக்கலாம். ஆனால் இதன் பின்பக்கத்தில், கட்டடத்தின் கண்ட்ரோல் பேனலிலிருந்து ஒரு வயர் வந்து சேர்கிறது. உள்ளே ஸ்மோக் டிடெக்டர் புகையை உணர்ந்தாலோ, ஸ்பிரிங்க்ளர் குழாயில் தண்ணீர் ஓடினாலோ, பேனல் ஒரு சிறு மின்துடிப்பை அனுப்பும். பெட்டிக்குள் இருக்கும் மின்காந்தம் கொக்கியை விடுவிக்கும். பித்தளைச் சக்கரம் சுழலும்.

அந்தச் சக்கரத்தின் விளிம்பில் பற்கள் வெட்டியிருக்கும். எண் 1514 என்றால் முதலில் ஒரு பல், ஓர் இடைவெளி, ஐந்து பற்கள், இடைவெளி, ஒன்று, இடைவெளி, நான்கு. ஒவ்வொரு பல்லும் நகரச் சர்க்யூட்டை ஒரு கணம் துண்டிக்கும். அலுவலகத்தில் மணி அதே கணக்கில் தட்டும், காகித நாடாவில் பதிவும் விழும். சக்கரம் வழக்கமாக நான்கு சுற்று சுற்றும். ஒரு சுற்று தவறினாலும் அடுத்த சுற்றில் எண் தெளிந்துவிடும். ஒரே சர்க்யூட்டில் இரண்டு பெட்டிகள் ஒரே நேரத்தில் இழுக்கப்பட்டால் இரண்டாவது பெட்டி தன் முறைக்குக் காத்திருந்து தட்டும். வயர் ஓரிடத்தில் அறுந்தால் அலுவலகத்தில் அந்த நொடியே தெரியும். பூமி வழியாக மின்னோட்டத்தைத் திருப்பி வேலையைத் தொடரவும் முடியும். கணினி வருவதற்கு வெகுகாலம் முன்பே இவ்வளவையும் பல்சக்கரத்தாலும் சுருள்கம்பியாலும் சாதித்தவர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

1514 என்பது பாஸ்டன்காரர்கள் மறக்காத எண். 1942 நவம்பர் 28 இரவு 10.15-க்கு அந்தப் பெட்டியிலிருந்து செய்தி வந்தது. வண்டிகள் போய்ப் பார்த்தால் ஒரு கார் எரிகிறது. அதை அணைத்துவிட்டு நிமிர்ந்தவர்கள் பக்கத்தில் கோகனட் குரோவ் இரவு விடுதியிலிருந்து புகை வருவதைக் கண்டார்கள். தீயணைப்பு வீரர்கள் அந்த நேரத்தில் அங்கே இருந்தது முழுக்கத் தற்செயல். அப்படி இருந்தும் 492 பேர் இறந்தார்கள்.

இத்தனை பெட்டிகளும் பேசும் தலைமை அலுவலகத்தை 1925-ல் பாஸ்டன் நகரம் ஃபென்வே பகுதியில் உள்ள ஒரு பூங்காவுக்குள் கட்டியது. சுற்றிலும் வேறு கட்டடம் இல்லாத இடம். ஊரே எரிந்தாலும் செய்தி வாங்கும் இடம் எரியக்கூடாது.

விதிகள் சொல்வது என்ன?

தனியாரின் வயர் பொதுமக்களின் வயரைத் தொடும் இடத்தில் இரண்டு ஆபத்துகள் உண்டு. கட்டடத்துக்குள் நேரும் கோளாறு நகரச் சர்க்யூட்டைக் கெடுக்கலாம். அல்லது கட்டடம் இணைப்பில் இருப்பதாக எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கும்போது அது இல்லாமல் போகலாம். விதிகள் பெரும்பாலும் இந்த இரண்டையும் சுற்றித்தான் வருகின்றன.

முதல் ஆபத்துக்கு ஒரு பழைய உதாரணம் போதும். நகரத்தின் வயரையே கட்டடத்துக்குள் இழுத்துச் சுற்றவிடும் முறை ஒன்று இருந்தது. செலவு குறைவு. ஆனால் உள்ளே எங்கோ ஒரு சுவரில் ஆணி அடிக்கும்போது வயர் அடிபட்டால், பாதிப்பு அந்தக் கட்டடத்தோடு நிற்காது. எனவே கட்டடத்தின் பேனல் தன் சொந்த மின்சாரத்தில் பெட்டியைத் தட்டிவிடும் முறைக்கே இன்று முன்னுரிமை. நகரத்தின் வயர் பெட்டியோடு நின்றுவிடும். அமெரிக்காவில் இதற்கெல்லாம் அடிப்படை, தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் (என்.எஃப்.பி.ஏ.) வெளியிடும் ‘என்.எஃப்.பி.ஏ. 72’ எனப்படும் தேசியத் தீ அலார விதித்தொகுப்பு. நகரங்கள் அதன்மேல் தங்கள் விதிகளைச் சேர்த்துக்கொள்கின்றன.

அதனால்தான் இணைப்புக் கேட்டதும் கொடுத்துவிடுவதில்லை. வரைபடம் தீயணைப்புத் துறையின் பார்வைக்குப் போகிறது. லைசன்ஸ் உள்ளவரே வயரிங் செய்ய வேண்டும். உள்ளே ஒவ்வொரு டிடெக்டரும் சோதிக்கப்பட்ட பிறகே பெட்டியின் எண் உயிர் பெறும். பெட்டி பிரதான வாசலருகே, வண்டியில் வருபவர் கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும். இரவில் பூட்டிக்கிடக்கும் கட்டடத்துக்குக் கதவை உடைக்காமல் நுழைய, தீயணைப்புத் துறை மட்டுமே திறக்கக்கூடிய சாவிப் பெட்டி வேண்டும். எந்த நேரமும் வந்து பேனலைச் சரிசெய்யக்கூடியவர்களின் பெயரும் எண்ணும் அலுவலகத்தில் இருக்க வேண்டும். ஊருக்கு ஊர் இவற்றில் வேறுபாடு உண்டு. கேட்பது ஏறக்குறைய ஒன்றேதான்.

இரண்டாம் ஆபத்துதான் அதிகம் கொல்லக்கூடியது. ஆண்டுச் சோதனைக்கு ஒரு டெக்னீஷியன் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். டிடெக்டரில் புகை அடித்தால் தீயணைப்பு வண்டி கிளம்பிவிடும். எனவே முதலில் அலார அலுவலகத்தைக் கூப்பிட்டு, பெட்டி எண்ணைச் சொல்லி, இணைப்பைத் தற்காலிகமாக விலக்குகிறார். வேலை முடிந்ததும் மறுபடி சேர்த்து, பெட்டியை நிஜமாகவே தட்டவிட்டு, எண் சரியாக வந்ததா என்று கேட்டுக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். கடைசி வேலையை மறந்துவிட்டால்? உள்ளே பேனலில் பச்சை விளக்கு எரியும், மணி அடிக்கும், மக்களும் இறங்கி ஓடுவார்கள். தீயணைப்பு நிலையத்தில் மட்டும் யாருக்கும் ஒன்றும் தெரியாது. 1958-ல் சிகாகோவில் இருந்த நிலைதான் அது, நவீன உபகரணங்களோடு.

மாசசூசெட்ஸ் மாநிலச் சட்டம் இதைக் கிரிமினல் குற்றமாகவே பார்க்கிறது. தீப் பாதுகாப்புச் சாதனம் எதையும் தீயணைப்புத் துறைத் தலைவரின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் நிறுத்தினாலோ துண்டித்தாலோ 1,000 டாலர் வரை அபராதம், ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அலாரம் 24 மணி நேரத்தில் 4 மணி நேரத்துக்கு மேல் செயலற்றிருந்தால் ஆட்களை வெளியேற்ற வேண்டும், அல்லது தீக் கண்காணிப்புக்கென்றே ஆளைச் சுற்றிவர வைக்க வேண்டும் என்று என்.எஃப்.பி.ஏ.வின் உயிர்ப் பாதுகாப்பு விதித்தொகுப்பு சொல்கிறது.

“பார்த்துவிட்டுச் சொல்கிறோம்”

விதி இருந்தும் மனிதர் நடுவில் நின்றால் என்ன ஆகும்?

லாஸ் ஏஞ்சல்ஸ், 1988 மே 4. ஃபர்ஸ்ட் இன்டர்ஸ்டேட் வங்கியின் 62 மாடிக் கோபுரம். இரவு 10.30-ஐ ஒட்டி 12-ம் தளத்து ஸ்மோக் டிடெக்டர்கள் அடிக்கின்றன. பொய் அலாரம் என்று எண்ணிக் காவலர்கள் ரீசெட் செய்கிறார்கள். திரும்ப அடிக்கிறது, திரும்ப ரீசெட். பார்த்துவரப் பராமரிப்பு ஊழியர் ஒருவர் லிஃப்டில் அனுப்பப்படுகிறார். கதவு 12-ம் தளத்தில் திறந்தது. அவர் உயிரோடு திரும்பவில்லை. தீயணைப்புத் துறைக்கு முதல் தகவல் வெளியிலிருந்து தீயைப் பார்த்தவர்களிடமிருந்தே, 10.37-க்கு, போனது. ஐந்து தளங்கள் எரிந்தன.

பிலடெல்பியா, 1991 பிப்ரவரி 23, சனிக்கிழமை இரவு. ஒன் மெரிடியன் பிளாசா, 38 மாடி. 22-ம் தளத்தில் அலாரம். கண்காணிப்பு நிறுவனத்துக்கும் செய்தி போய்விட்டது. அவர்கள் செய்தது, கட்டடத்தின் லாபிக்குப் போன் போட்டு விசாரித்தது. ஆள் பார்க்கப் போயிருக்கிறார் என்று பதில் வந்தது. போனவர் லிஃப்டில் புகைக்குள் சிக்கி, கீழிருந்த காவலர் லிஃப்டைத் திருப்பி இறக்கியதால் பிழைத்தார். தெருவில் நடந்துபோன ஒருவர்தான் அவசர உதவி எண் 911-ஐ அழைத்தார். 19 மணி நேரம் எரிந்தது. தீயணைப்பு வீரர்கள் மூவர் மூச்சுத் திணறி இறந்தார்கள். தீ நின்ற இடம் 30-ம் தளம். அங்கே ஸ்பிரிங்க்ளர் இருந்தது. திறந்தவை வெறும் 10.

அந்தக் காவலர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது சுலபம். ஆனால் நூறு தடவை பொய்யாக அடித்த மணி, நூற்றியோராம் தடவை அடிக்கும்போது யாருக்குத்தான் பதறும்? அமெரிக்கத் தீயணைப்புத் துறைகள் ஆண்டுக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பொய் அலாரங்களுக்கு வண்டி விடுகின்றன. நாட்டில் உண்மையாக எரியும் தீயைவிட இது அதிகம். தூசி படிந்த டிடெக்டர், சமையல் புகை, குளியலறை நீராவி, அறிவிக்காமல் செய்த வெல்டிங் என்று காரணங்கள் சாதாரணமானவை. அவற்றைச் சரிசெய்ய வேண்டியவர் உரிமையாளர். அதனால்தான் பல ஊர்களில் ஆண்டுக்குச் சில பொய் அலாரங்கள் வரை பொறுத்துக்கொண்டு, அதற்குமேல் ஒவ்வொன்றுக்கும் அபராதம் போடுகிறார்கள். இந்த அபராதம் நியாயமானதே. ‘முதலில் நாங்கள் பார்த்துவிட்டுச் சொல்கிறோம்’ என்று இணைப்பின் நடுவே ஓர் ஆளை நிறுத்துவதைவிட, இணைப்பை நேராக வைத்துக்கொண்டு, பொய்யாக அடிக்கும் டிடெக்டருக்கு உரிமையாளரிடம் பணம் வாங்குவது நூறு மடங்கு மேல். கண்காணிப்பு நிலையம் அலாரத்தைக் கண்டதும் உடனடியாகத் தீயணைப்புத் துறைக்கு அனுப்ப வேண்டும் என்பதே விதித்தொகுப்பின் அடிப்படை.

எல்லா நகரமும் பாஸ்டன் வழியில் போகவில்லை. நியூயார்க்கில் தனியார் கட்டடங்களின் அலாரம் தீயணைப்புத் துறை அங்கீகரித்த மத்திய கண்காணிப்பு நிறுவனங்கள் வழியாகப் போகிறது. தெருப்பெட்டிகளை அங்கே எடுத்துவிட நகர நிர்வாகம் முயன்றபோது, காதுகேளாதோர் சங்கம் வழக்குத் தொடுத்தது. தொலைபேசியில் பேச முடியாதவர் தீயை எப்படிச் சொல்வார் என்ற கேள்விக்கு நகரத்திடம் சரியான பதில் இல்லை. 1996-ல் கூட்டாட்சி நீதிமன்றம் பெட்டிகளை அகற்றுவதைத் தடுத்தது.

வேறு பல ஊர்களில் மாஸ்டர் பாக்ஸ் இருந்த இடத்தில் ரேடியோப் பெட்டி வந்துவிட்டது. இன்னும் சில கட்டடங்கள் செல்பேசி வலையிலும் இணையத்திலும் செய்தி அனுப்புகின்றன. புதிய வழிக்கும் பழைய கேள்விதான்: வழி உயிரோடு இருக்கிறதா என்று யார், எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை பார்க்கிறார்கள்? ஒரே வழியை மட்டும் நம்பும் இணைப்பு அறுந்தால் 60 நிமிடத்துக்குள் கண்காணிப்பு நிலையத்துக்குத் தெரிய வேண்டும் என்கிறது 2013 முதலான விதித்தொகுப்பு. தந்திச் சர்க்யூட்டில் அது அந்த நொடியே தெரிந்தது என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

பாஸ்டன் தன் வயரை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதைப் பழமைவாதம் என்று சொன்னவர்கள் உண்டு. 2024 ஜூன் 18 மதியம் மாசசூசெட்ஸ் மாநிலம் முழுக்க 911 சேவை செயலிழந்தது. ஃபயர்வால் கோளாறு; ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அவசரம் என்றால் தெருமுனையில் இருக்கும் சிவப்புப் பெட்டியை இழுங்கள் என்று பாஸ்டனில் மக்களிடம் சொன்னார்கள். 1852-ல் இயங்கத் தொடங்கிய வழி 2024-ல் திறந்திருந்தது.

அடுக்குமாடியில் குடியிருப்பவர்கள், பள்ளியோ மருத்துவமனையோ நடத்துபவர்கள், அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்கள், இந்த வாரமே உங்கள் கட்டடத்துப் பொறுப்பாளரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். அலாரம் அடித்தால் கட்டடத்துக்கு வெளியே யாருக்குத் தெரியும்? அந்த இணைப்பைக் கடைசியாக எப்போது தட்டிப் பார்த்தார்கள்? யாராவது அதை நிறுத்தி வைத்திருக்கிறார்களா? வெளியே யாருக்கும் தெரியாது என்பது பதிலானால், மணி கேட்டவுடன் (இந்தியாவில்) 101-க்கோ 112-க்கோ கூப்பிட வேண்டியவர் யார் என்று பெயர் குறிப்பிட்டு எழுதி, பேனலுக்குப் பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள்.